பூஞ்சை தின்னும் சிலந்திப்பேன்கள்

கேள்வி: பூஞ்சையைத் தின்று வாழும் சிலந்திப்பேன்கள் (சிலந்திக்கு உறவான, எட்டுக்கால் கொண்ட மிகச் சிறிய உயிரிகள்) செடிகளின் நோயைக் குறைக்குமா, பரப்புமா?

பதில்: இரண்டும் நிகழும், எந்தப் பேன், எந்தப் பூஞ்சை என்பதைப் பொறுத்தது. திராட்சை இலைகளில் வாழும் ஆர்த்தோடைடியஸ் லாம்பி என்ற இனம் சாம்பல் நோய்ப் பூஞ்சையை மேய்ந்து நோயைத் தணிக்கிறது. காட்டுத் திராட்சை வகை ஒன்றில், இலையின் அடிப்புறத்தில் நரம்புகள் கிளைக்கும் இடங்களிலுள்ள மயிரடர்ந்த சிறு குழிகள் இதற்குத் தங்குமிடமாகின்றன. செடியே தன் காவலருக்கு வீடு கட்டித் தருவது போன்ற இந்த உறவு உண்மையிலேயே வியப்புக்குரியது.

சைட்டெராப்டெஸ் என்ற பேரினத்துப் பேன்களின் கதை வேறு. இவற்றின் பெண் பேன்கள், உடலிலுள்ள நுண்ணிய பைகளில் ஃபியூசேரியம் போவே பூஞ்சையின் வித்துகளைச் சுமந்து கார்னேஷன் பூச்செடியின் மொட்டுக்குள் நுழைய, அங்கே பூஞ்சை வளர்ந்து மொட்டு அழுகுகிறது. அந்தப் பூஞ்சையே பேன்களுக்கு உணவாகிறது. மரப்பட்டையைத் துளைக்கும் வண்டுகளின் உடலில் ஏறிப் பயணம் செய்யும் சில டார்சோனீமஸ் பேன்களும் பைன் மரங்களுக்கு, மரத்தில் நீலக் கறை படியச் செய்யும் பூஞ்சையை இவ்வாறே கொண்டு சேர்க்கின்றன.

பேன்கள் இப்படி இருவகையாகவும் இருப்பதால், அழுகிய பகுதியில் பேனைக் கண்டவுடன் அதையே காரணமென்று கருதி மருந்து தெளிப்பது சரியன்று. பல வேளைகளில் பூஞ்சை முன்னரே பற்றியிருக்க, பேன் இரை தேடிப் பின்னால் வந்திருக்கும்.