8 சதவீதத்துலயே அணைஞ்சு போற லேப்டாப்

உபுண்டு லினக்ஸ் போட்ட அஞ்சு வருஷ லேப்டாப், பேட்டரி 8% காட்டறப்பவே பட்டுனு அணைஞ்சுடுது, சேவ் பண்ணாததெல்லாம் போச்சு, செட்டிங்ஸ்ல பவர் பக்கம் பூரா தேடிட்டேன் ஒண்ணும் இல்லைன்னு கேட்டிருக்கீங்க. அங்க இருக்காதுங்க. உபுண்டுவோட டெஸ்க்டாப்பான க்னோம்ல இத முடிவு பண்றது பின்னாடி ஓடற யூபவர்ங்கற சர்வீஸ்தான்.

அது சார்ஜ் 2%க்கு இறங்கினாதான் மெஷின தூங்க வைக்கும், இல்ல அணைக்கும். புது பேட்டரிக்கு இது ஓகே. பழசுல உள் ரெசிஸ்டன்ஸ் ஏறிப்போயிருக்கும், பிரவுசர்ல நாலு டேப் சேர்ந்தாப்ல தொறந்தாலே வோல்டேஜ் தொப்புனு விழுந்து 8லேருந்து நேரா கட்டு, 2ங்கற நம்பர் வந்தாத்தானே யூபவர் எதாவது பண்ணும்? டெர்மினல்ல யூபவர்னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் டி போட்டுப் பாருங்க, எனர்ஜி ஃபுல், எனர்ஜி ஃபுல் டிசைன்னு ரெண்டு வரும், முதல் நம்பர் ரெண்டாவதுல பாதிதான்னா பேட்டரி பாதி செத்தாச்சு.

இடிசி ஃபோல்டருக்குள்ள யூபவர் ஃபோல்டர்ல யூபவர் டாட் கான்ஃப்னு செட்டிங்ஸ் ஃபைல் ஒண்ணு இருக்கும், அத சூடோ (அட்மின் அனுமதி) போட்டு தொறங்க. பர்சன்டேஜ் லோ (சார்ஜ் கம்மின்னு எடுத்துக்கற அளவு) 25, கிரிட்டிக்கல் (ரொம்ப கம்மின்னு எடுத்துக்கற அளவு) 18, ஆக்‌ஷன் (மெஷின தூங்க வைக்கற இல்ல அணைக்கற அளவு) 15னு வைங்க. மூணும் இறங்குவரிசையில இருக்கணும், இது ரொம்ப முக்கியம், ஆக்‌ஷன மட்டும் 15 ஆக்கிட்டு கிரிட்டிக்கல பழைய 5லயே விட்டீங்கன்னா சத்தமே போடாம மூணையும் தள்ளிட்டு டிஃபால்ட்டுக்கே போயிடும், நான் இதுல ஒரு சாயங்காலம் பூரா முட்டிக்கிட்டிருக்கேன். யூஸ் பர்சன்டேஜ் ஃபார் பாலிசி ட்ரூன்னு இருக்கான்னும் பாத்துக்கங்க. அப்புறம் சிஸ்டம்சிடிஎல்ங்கற கமாண்ட்ல யூபவர ரீஸ்டார்ட் பண்ணுங்க.

அதே ஃபைல்ல கிரிட்டிக்கல் பவர் ஆக்‌ஷன்னு ஒரு வரி, வழக்கமா ஹைப்ரிட் ஸ்லீப் (தொறந்திருக்கறத ராம், டிஸ்க் ரெண்டுலயும் வச்சுட்டு தூங்கறது). அது முடியலன்னா ஹைபர்நேட் (டிஸ்க்ல மட்டும் வச்சுட்டு அணையறது), அதுவும் இல்லன்னா பவர் ஆஃப். ராம் அளவுக்கு ஸ்வாப் (ராம்ல இருக்கறத எழுதி வைக்க டிஸ்க்ல விடற இடம்) ஒதுக்கி ஹைபர்நேட் செட் பண்ணலன்னா கடைசியா பவர் ஆஃப்தான் நடக்கும், ஒழுங்கா ஷட்டவுன் ஆகும், ஆனா சேவ் பண்ணாதது போனதுதான். வெறும் சஸ்பெண்ட நம்பாதீங்க, ராமுக்கு கரண்ட் வேணுமே, பேட்டரி தீந்தா அதுவும் காலி.

க்னோமுக்கு பதிலா கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போட்ட ஆளுங்களுக்கு இந்த வம்பு கம்மி, அவங்க பவர் செட்டிங்ஸ்லயே கிரிட்டிக்கல் லெவல் மாத்திக்கலாம்.

மாத்தினதும் எதையும் தொறந்து வைக்காம சார்ஜர உருவிட்டு 15 வரைக்கும் ஓட விட்டுப் பாருங்க, அதுக்கு முன்னாடியே அணைஞ்சா நம்பர இன்னும் ஏத்தணும், 30க்கு மேல போக வேண்டியிருந்தா பேட்டரிய மாத்திடுங்க.