நள்ளிரவில் வந்து விழுந்த 800 சொற்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. இங்கே மொரீஷியஸில் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் நால்வருக்கு ஆய்வுக் கட்டுரை எழுத வழிகாட்டுகிறேன். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களின் பெயர்கள் பதிவேடுகளில் எப்படி மாறிப்போயின என்பது தலைப்பு. நால்வரும் கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. மூன்று பேர் எழுதுகிறார்கள். ஒரு பெண் மட்டும் எட்டிப் பார்ப்பதே இல்லை. போன வாரம் இரவு 1 மணிக்கு 800 சொற்களை மொத்தமாகக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாள். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை. ஏஐ எழுதிக் கொடுத்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது. எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாமா? இன்னொரு கவலை: நான் திருத்தித் திருத்தி, மற்ற மூவரின் பகுதியும் என் நடையாகவே ஆகிவிட்டது. என்ன செய்வது?
– ஒரு விரிவுரையாளர், ரோஸ்ஹில்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டும் அந்தக் கேள்வியை முதலில் கேட்காதீர்கள். அவள் எழுதியதுதான் என்றால், அந்த ஒரு கேள்வியோடு உங்களிடம் எழுத்தைக் காட்டுவதையே நிறுத்திவிடுவாள்.

என் தங்கையின் பேத்தியும் கல்லூரியில் இப்படிப் பொதுக் கோப்பில்தான் எழுதுகிறாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ‘பழக்கம்’ என்று அடித்தாள். சந்தேகம் வந்து அழித்தாள். ‘பளக்கம்’ என்று அடித்தாள். அதையும் அழித்தாள். கோப்பில் அவள் தோழியின் பெயர் ஊதா நிறக் கொடியாக ஒரு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கொடி போகும் வரைக்கும் இவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ‘நான் அழிக்கிறதை அவ பார்ப்பா பாட்டி’ என்றாள். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல், வகுப்பில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் பாடமாகப் படித்தது மட்டும். நம் பிள்ளைகள் ல, ள, ழ மூன்றையும் ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் எழுதுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தை மற்றவர் பார்க்க எழுதுவது பெரிய கூச்சம். உங்கள் மாணவி வேறு எங்காவது எழுதி, வீட்டில் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, கடைசியில் கொண்டுவந்து ஒட்டியிருக்கலாம். கோப்பில் நடந்த மாற்றங்களைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் எப்போது வந்து விழுந்தது என்று தெரியும். எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லும் கருவிகளில் போட்டுப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே 2023இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இதுபோன்ற ஏழு கருவிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று வந்தது. தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுகிறவர்கள்தான் அதில் மாட்டினார்கள். நம் பிள்ளைகள் எல்லோருமே அந்த வரிசைதான்.

சரி, என்ன செய்யலாம்? அவளிடம் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் கேளுங்கள். ‘நீ எழுதிய பகுதியில் உனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பெயரைப் பற்றி மூன்று நிமிடம் சொல்லம்மா, கிரியோலிலேயே சொல்லு’ என்று. தானே தேடி எழுதியவள் என்றால் எந்தக் கப்பல், எந்த ஊர், அந்தப் பெயரில் என்ன குழப்பம் என்று மூன்று நிமிடம் தாண்டியும் பேசுவாள். கருவியிடம் வாங்கியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். அப்போதும் தண்டனையில் ஆரம்பிக்காதீர்கள். அந்த வாய்ஸ் நோட்டில் அவள் சொன்ன நாலு வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொல்லி, அங்கிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள்.

அப்புறம், ஏற்பாட்டையே கொஞ்சம் மாற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு ஒன்று இருக்கட்டும், நீங்கள் கூட எட்டிப் பார்க்காத கோப்பு. அங்கே அழிக்கட்டும், கிரியோலில் எழுதிவைக்கட்டும், பாதியில் நிறுத்தட்டும். தயாரானதைப் பத்தி பத்தியாகப் பொதுக் கோப்புக்குக் கொண்டுவரட்டும். வாரத்துக்கு ஒருமுறை நால்வரும் வீடியோ காலில் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். எழுதினவளே வாசித்தால் பிழை காதில் விழாது. தோழி வாசிக்கும்போது நாக்கு தட்டுகிற இடம் எல்லாம் திருத்த வேண்டிய இடம்.

உங்கள் இரண்டாவது கவலையை நான் நன்றாக அறிவேன், அதே தவறை நானே செய்திருக்கிறேன். ஒரு மாணவி தன் பாட்டியைப் பேட்டி கண்டு எழுதியிருந்தாள். ‘கரும்பு வெட்டும் வேளையில் பாட்டி பள்ளிக்கூடம் போகவில்லை’ என்று ஒரு வரி. ள–ல குழப்பம் என்று நினைத்து, சஜெஷன் முறையில் ‘வேலையில்’ என்று மாற்றினேன். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் அக்செப்ட் அழுத்திவிட்டாள். அவள் சொல்ல வந்தது அறுவடைக் காலம். பெரியவர்கள் எல்லோரும் கரும்புக் காட்டுக்குப் போய்விட, பாட்டி வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். என் ஒரு எழுத்து பத்து வயதுப் பாட்டியின் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டது. கட்டுரையை வீட்டில் வாசித்துக் காட்டியபோது பாட்டிதான் ‘நான் எப்போ கரும்பு வெட்டினேன்?’ என்று கேட்டாராம். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் மாணவர் கோப்பில் ஒரு எழுத்தையும் மாற்றுவதில்லை. கமென்ட்டில் கேட்பேன்: ‘வேலையா, வேளையா?’ அவ்வளவுதான். எழுத்துப் பிழைகளுக்கு, ‘இந்தப் பத்தியில் மூன்று ள இடம் மாறியிருக்கிறது, தேடு’ என்று எழுதுவேன். நேரம் கூட ஆகும், தெரியும். ஆனால் அக்செப்ட் அழுத்திய பிழை அடுத்த பக்கத்தில் திரும்ப வரும். தேடிப் பிடித்த பிழை பெரும்பாலும் வருவதில்லை. இன்னும் ஒன்று, நீங்கள் கடைசி ஆளாக வாருங்கள். தோழிகள் மூவரும் கமென்ட் போட்ட பிறகே நீங்கள் திறக்க வேண்டும். நீங்கள் முதலில் எழுதிவிட்டால் மற்ற மூவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நீங்கள் எடுத்திருக்கும் தலைப்புக்குச் சேர்ந்து வேலை செய்ய உண்மையில் பொருத்தமான இடம் கட்டுரைக் கோப்பை விட அட்டவணைதான். 1834 முதல் இங்கே வந்து இறங்கியவர்களின் பெயரை எழுத்தர் காதில் கேட்டபடி ரோமன் எழுத்தில் எழுதினார். முத்துசாமி மூட்டூசாமி ஆனதும் சுப்பிரமணியன் சூப்ரமணியென் ஆனதும் அப்படித்தான். பொது அட்டவணையில் மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளாக, பதிவேட்டில் உள்ளபடி பெயருக்கு ஒரு பத்தி, நாம் இதுவாக இருக்கும் என்று நினைக்கும் தமிழ்ப் பெயருக்கு ஒரு பத்தி, ஏன் அப்படி நினைக்கிறோம் என்பதற்கு ஒரு பத்தி, யார் நினைத்தது என்பதற்கு ஒரு பத்தி என்று வைக்கச் சொல்லுங்கள். ஒருத்தி ‘வேலு’ என்பாள், இன்னொருத்தி ‘வீலு என்று எங்கள் தாத்தா வீட்டில் ஒருவர் இருந்தார்’ என்பாள். இரண்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் ஏட்டுக்கு ஏடு மாறும் சொற்களை, அதாவது பாடபேதத்தை, அடிக்குறிப்பில் காத்தது போல. அந்த மூன்றாவது பத்தியைக் கோத்து எழுதினாலே கட்டுரையின் பாதி முடிந்துவிடும். உங்கள் கூச்சக்காரப் பெண்ணும் இங்கே வந்துவிடுவாள் என்று நம்புகிறேன். ஒரு கட்டத்துக்குள் நாலு சொல் எழுத யாருக்கும் பயம் இருக்காது.

மேற்கோள் பட்டியலுக்கு, நூல் விவரங்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளான ஸோட்டெரோவில் ஒரு குழு நூலகம் போட்டுக்கொள்ளுங்கள், இலவசமாகவே 300 எம்பி கிடைக்கும். நம் ஊரில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலருக்குக் கிடையாது. அவர்கள் பெயரை இரண்டாக வெட்டாமல் ஒரே கட்டத்தில் போடும் வசதி அதில் இருக்கிறது. முதல் நாளே நால்வருக்கும் சொல்லிவிடுங்கள். புயல் மாதங்கள் வருவதற்குள், இணையம் இல்லாதபோதும் கோப்பில் எழுத உதவும் ஆஃப்லைன் வசதியையும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

கடைசியாக, இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பழைய பதிவேடுகளில் பெயர், ஊரோடு சாதியும் எழுதியிருக்கும். அந்த அட்டவணையின் லிங்க் கிடைத்தவர் எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்து கிடந்தால் உடனே மூடுங்கள். உங்கள் ஐந்து பேரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இதே ரோஸ்ஹில்லில்தான் இருக்கிறார்கள்.