'முடியாது' என்று சொல்ல யாரால் முடியும்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வர்க்கம் என்பது கடைசியில் வருமானம்தானே? யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று பார்த்தே பிரித்துவிடலாமே, அதற்கு எதற்கு இத்தனை கோட்பாடு?

பதில்: ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வேலை போனால் அடுத்த மாத வாடகைக்கே வழியில்லை. இன்னொருவருக்குச் சொந்த வீடு, பெற்றோர் விட்டுப்போன சொத்து, ஒரு போன் போட்டால் வேலை பார்த்துத் தர நாலு பேர். இருவரும் ஒரே வர்க்கம் என்று உங்களால் சொல்ல முடியுமா? கார்ல் மார்க்ஸ் வர்க்கத்தைச் சம்பளத் தொகையால் பிரிக்கவில்லை. நிலமும் ஆலையும் இயந்திரமும் யார் கையில் இருக்கின்றன, தன் உழைப்பை விற்றால்தான் பிழைப்பு என்ற நிலையில் இருப்பது யார் என்று பார்த்தார். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இன்னும் இரண்டைச் சேர்த்தார்: சமூகம் ஒருவருக்குக் கொடுக்கும் மதிப்பு, கட்சி போன்ற அமைப்புகள் வழியாக முடிவுகளை வளைக்கும் வலு. இந்த மூன்றும் எப்போதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதில்லை. என்னைக் கேட்டால், ஒருவர் எதற்கெல்லாம் 'முடியாது' என்று சொல்ல முடிகிறது என்று பாருங்கள், அவருடைய இடம் ஓரளவு தெரிந்துவிடும்.

கேள்வி: நான் கஷ்டப்பட்டுப் படித்து மேலே வந்தவன். என்னால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை? வறுமைக்குச் சோம்பலும் கெட்ட பழக்கமும்தான் காரணம் என்றால் எல்லோரும் கோபப்படுகிறார்கள்.

பதில்: நீங்கள் உழைத்தது உண்மை, அந்தப் பெருமை உங்களுக்கு உரியது. ஆனால் நீங்கள் கேட்டதை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் வீடு வீடாக விசாரித்துப் பார்த்துவிட்டார். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899-ல் சமூக ஆய்வாளர் சீபோம் ரவுன்ட்ரீ கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய 28 சதவீத மக்கள் வறுமையில் இருந்தார்கள். அவர் வைத்த அளவுகோல் ரொம்பக் கடுமையானது. உடம்பு வேலை செய்ய எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். செய்தித்தாள் வாங்க, வண்டியில் ஏற, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடக்கூட அதில் காசு கிடையாது. வருமானமே இந்த அளவுக்கும் எட்டாத குடும்பங்களில் இருந்தவர்கள் சுமார் 10 சதவீதம்; மீதிப் பேருக்கு வருமானம் அந்த அளவை எட்டினாலும் அதில் ஒரு பகுதி வேறு செலவுகளுக்குப் போய்விட்டது. இந்த 10 சதவீதத்தில் பாதிக்கு மேற்பட்டோரின் நிலைக்குக் காரணம், குடும்பத் தலைவர் ஒழுங்காக வேலைக்குப் போயும் கூலி போதவில்லை என்பதுதான். அதற்கு அடுத்தபடி பெரிய குடும்பம், அப்புறம் சம்பாதிப்பவரின் சாவு. வேலையில்லாமை, நோய், முதுமை எல்லாம் அதற்கும் கீழே.

அவர் இன்னொன்றையும் கவனித்தார். வறுமை ஒரே ஆளை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. சின்ன வயதில், பிறகு தனக்குக் குழந்தைகள் பிறந்து அவை சம்பாதிக்கும்வரை, கடைசியில் முதுமையில் என்று வந்து வந்து போகிறது. அப்படியானால் சோம்பலும் வயதைப் பார்த்தா வந்து போகிறது?

1959-ல் அமெரிக்க மானிடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ் 'வறுமைப் பண்பாடு' என்ற கருத்தைக் கொண்டுவந்தார். நாளையைப் பற்றித் திட்டமிடாமை, கையாலாகாத உணர்வு எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன என்றார். அவரே இது கூலி உழைப்பும் வேலையின்மையும் நிறைந்த சூழலுக்கு மக்கள் தங்களைப் பழக்கிக்கொண்ட விதம் என்றுதான் விளக்கினார். அவரைப் படித்தவர்களில் பலர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் மேலேயே பழியைப் போடும் இந்தப் பழக்கத்தை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ரையன் 1971-ல் கடுமையாகச் சாடினார், நான் அவர் பக்கம். நாளைக்கு வேலை உண்டா என்றே தெரியாதவர் பத்து வருஷத் திட்டம் போடவில்லை என்று குறை சொல்வது அநியாயம்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் புத்தகம், பெரியவர்களிடம் தயங்காமல் கேள்வி கேட்கும் பழக்கம், பள்ளி எதிர்பார்க்கும் பேச்சு நடை, இவற்றைப் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்றார். இதோடு வரும் பிள்ளையைப் பள்ளி 'கெட்டிக்காரன்' என்கிறது, இல்லாமல் வரும் பிள்ளை தனக்கு மூளை போதாது என்று தானே நம்பிவிடுகிறது. நீங்கள் அந்தச் சுவரைத் தாண்டினீர்கள். உங்கள் வகுப்பில் தாண்டாமல் நின்றுபோனவர்களில் நாலு பேரின் வீட்டு நிலைமையை நினைத்துப் பாருங்கள், கோபப்படுகிறவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள் என்று புரியும்.

கேள்வி: யாரும் பட்டினி கிடக்காவிட்டால் போதாதா? சிலர் பெரும் பணக்காரர்களாக இருந்தால் என்ன நஷ்டம்?

பதில்: போதாது. 1776-லேயே ஆடம் ஸ்மித் இதைத் தொட்டிருக்கிறார்: லினன் சட்டை உயிர்வாழத் தேவையில்லை, ஆனாலும் அது இல்லாமல் பொது இடத்துக்கு வர ஒரு கூலித் தொழிலாளிகூடக் கூச்சப்படுவார். பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1979-ல் இதை விரிவாக வாதிட்டார். தன் சமூகத்தில் வழக்கமாக எல்லோரும் வாழும் வாழ்க்கையில் கலந்துகொள்ள முடியாதபடி வசதி குறைந்தால் அதுவும் வறுமைதான்.

உடம்பும் இதற்குச் சாட்சி. பிரிட்டனில் 1967-ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களைத்தான் பார்த்தது, அதில் பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் கடைநிலைப் பதவியில் இருந்த ஆண்களின் இறப்பு வீதம் உச்சிப் பதவியில் இருந்தவர்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. படிக்குப் படி இறங்க இறங்க ஆபத்து கூடியது. புகைபிடித்தல் போன்றவை இதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. மைக்கேல் மார்மட் குழு பிறகு செய்த இரண்டாவது ஆய்வில், தன் வேலையைப் பற்றித் தானே முடிவெடுக்க முடியாத நிலையும் இதய நோயோடு தொடர்புள்ளது என்று தெரியவந்தது.

கேள்வி: யாரும் யாரையும் கட்டாயப்படுத்தாத இடத்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது?

பதில்: பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஸ்டீவன் லூக்ஸ் 1974-ல் அதிகாரத்தை மூன்று அடுக்காகப் பார்த்தார். விவாதத்தில் ஜெயிப்பது ஒன்று. ஒரு விஷயம் விவாதத்துக்கே வராமல் தடுப்பது இரண்டு. ஆசையையே வடிவமைத்து, குறை இருப்பதே தோன்றாமல் செய்வது மூன்று. கூலி உயர்வு பற்றி ஒரு கூட்டத்தில் யாருமே பேசவில்லை என்றால் எல்லோருக்கும் திருப்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேசினால் வேலை போகும் என்று தெரிந்தவர் சும்மாதான் இருப்பார்.

கேள்வி: சமூகவியல் படிக்கிறேன். ஆய்வுக்குத் தலைப்பு தேட உட்கார்ந்தால் எல்லாம் ஏழைகளைப் பற்றியே இருக்கிறது. ஏன்?

பதில்: நல்ல கேள்வி, விட்டுவிடாதீர்கள். ஏழை வீட்டில் கதவைத் தட்டினால் திறப்பார்கள், பெரிய நிறுவன முதலாளியைப் பார்க்க முதலில் செயலாளரின் அனுமதி வேண்டும். 1972-ல் மானிடவியலாளர் லாரா நாடர் ஆய்வாளர்களை மேல்நோக்கிப் பார்க்கச் சொன்னார். நேர்காணல் தர மறுத்தால் பரவாயில்லை, நிறுவன அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், நிறுவனங்களின் இயக்குநர் குழுப் பட்டியல்கள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. ஒரே பெயர் எத்தனை பட்டியலில் வருகிறது என்று எண்ணுவதில் ஆரம்பியுங்கள்.