மழைக்காலத் தள்ளுபடியில் அந்தமான்: கடல் மூடினால் பணம் யாருடையது?

கேள்வி: நான் களியக்காவிளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கல்லூரியில் என்னுடன் படித்த நண்பர் எல்லைக்கு அப்பால் பாறசாலையில் இருக்கிறார். சேர்ந்து ஒரு நெடும்பயணம் போக வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசி வந்த நாங்கள், ஜூலைக் கடைசியில் ஐந்து இரவுகள் அந்தமானில் தங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு டிராவல்ஸ் நிறுவனம், சீசனில் ஒருவருக்கு 52,000 ரூபாய் ஆகும் பேக்கேஜை மழைக்காலத் தள்ளுபடியில் 34,500 ரூபாய்க்குத் தருவதாகவும், இன்று இரவுக்குள் பாதிப் பணம் கட்ட வேண்டும் என்றும் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறது. வாங்கலாமா? ஏதேனும் தவறு நேர்ந்தால் நாங்கள் எந்த மாநிலத்தில் புகார் செய்வது?

பதில்: போங்கள், ஆனால் இன்று இரவுக்குள் பணம் கட்டாதீர்கள். ஜூலை மாத அந்தமானுக்கு இடம் தீர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, இணையவழி விற்பனையில் தடுக்கப்பட்ட ஏமாற்று உத்திகளுள் ஒன்றாக 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்திருக்கிறது. நாளை காலையிலும் இதே விலையைத் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

இந்தப் பருவத்தில் விலை ஏன் குறைகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நாம் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை, கேரளக் கரையைத் தொடுவதற்குப் பத்து நாள்கள் முன்னதாகவே, வழக்கமாக மே மாதத்தின் மூன்றாம் வாரத்தையொட்டி, அந்தமான் கடலுக்கு வந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தத் தீவுகளில் ஜூலை மாதம் நாள் முழுவதும் கொட்டும் என்பதில்லை. ஆனால் கடல் எப்போது கொந்தளிக்கும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட முடியாது. விமானம் இறங்கும் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சுவராஜ் துவீப்புக்கு, அதாவது பழைய ஹேவ்லாக்குக்கு, ஃபெர்ரியில்தான் போக வேண்டும். காற்று பலமாக வீசினால் ஃபெர்ரி நின்றுவிடும். அன்றைக்குத் தீவில் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் அறை காலியாகக் கிடக்க, நீங்கள் ஸ்ரீ விஜயபுரத்தில் கையிலிருந்து பணம் போட்டு வேறொரு அறை எடுக்க வேண்டியிருக்கும். ஃபெர்ரிக் கட்டணம் திரும்பக் கிடைத்துவிடலாம். பெரிய இழப்பு அந்த அறை வாடகையில்தான். ஆகவே, 17,500 ரூபாய் தள்ளுபடி என்பது உண்மையான தள்ளுபடியா, அல்லது வானிலையின் சுமையை உங்கள் தோளில் ஏற்றியதற்கான விலையா என்பது, அவர்கள் அனுப்பிய விலைப்பட்டியலின் அடியில் இருக்கும் சிறிய எழுத்துகளைப் படித்தால்தான் தெரியும்.

நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில், வானிலை காரணமாகப் பயன்படுத்தாத சேவைகளுக்குப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று இருக்கிறது. அதற்கு இரண்டு வரிகள் மேலே, விடுதியின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆர் சிமிலர்’ என்ற இரண்டு சொற்கள். படத்தில் இருக்கும் விடுதியைத் தராமல், அதற்கு நிகர் என்று அவர்கள் கருதும் எதை வேண்டுமானாலும் தரலாம் என்பதே இதன் பொருள். சீசனில் இடநெருக்கடியைக் காரணம் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளலாம். அறைகள் காலியாக இருக்கும் ஜூலையில் அந்த இரண்டு சொற்களுக்குத் தேவையே இல்லை. அவற்றை அடித்துவிட்டு, விடுதியின் பெயரையும் அறையின் வகையையும் மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். வானிலை பற்றிய வரியை, ‘ஃபெர்ரி ரத்தாகித் தீவுக்குப் போக இயலாத இரவுகளின் அறை வாடகை திருப்பித் தரப்படும், அல்லது அதே விலையில் ஸ்ரீ விஜயபுரத்தில் அறை தரப்படும்’ என்று மாற்றி எழுதி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளும் நிறுவனம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

‘கடல் நோக்கிய அறை’ என்பதையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. எந்தப் பக்கத்துக் கடல் என்று கேளுங்கள். ஆனி, ஆடியில் குளச்சல் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவராஜ் துவீப்பில் எல்லோரும் பார்க்க விரும்பும் ராதாநகர் கடற்கரை மேற்கு நோக்கி இருப்பதால் தென்மேற்குக் காற்று நேராக அங்கேதான் மோதும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் இறங்கிக் குளிக்கத் தடை இருக்கக்கூடும். கிழக்குப் பக்கத்துக் கரைகள் அந்தக் காற்றுக்கு ஒதுங்கி இருப்பதால் அங்கே கடல் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். இரண்டு நண்பர்கள் மாலையில் உட்கார்ந்து பேசுவதற்குக் கிழக்குக் கரை அறை போதும். அங்கிருந்து ராதாநகருக்கு ஆட்டோவில் போய் வரலாம். கடலடி நடை, ஸ்கூபா போன்றவை பேக்கேஜில் சேர்ந்திருந்தால் அவற்றை நீக்கி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கடல் சரியாக இருந்தால் அங்கேயே பணம் கட்டிச் செய்துகொள்ளலாம்.

ஆஃப் சீசனில் நான் பட்ட ஓர் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற மழைக்காலத் தள்ளுபடியில் ஒரு தீவு விடுதியில் தங்கினேன். நீச்சல்குளத்தில் தண்ணீர் இல்லை. அதன் தரையில் அமர்ந்து இருவர் ஓடு பதித்துக்கொண்டிருந்தனர். சமையற்கூடத்தில் பாதி ஆட்கள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்ததால், விளம்பரத்தில் கண்ட உணவுப் பட்டியலில் இருந்து மூன்றே பண்டங்கள்தான் கிடைத்தன. ஜன்னல் சட்டத்தின் புதுச் சாயம் என் சட்டைக் கையில் ஒட்டியது. விடுதிகள் பழுதுபார்க்கும் வேலைகளை இந்த மாதங்களில்தான் வைத்துக்கொள்கின்றன, அதில் தவறில்லை. அதைச் சொல்லாமல் அறையை விற்பதுதான் தவறு. எனவே பணம் கட்டும் முன் விடுதியையே தொலைபேசியில் அழைத்து, உங்கள் தேதிகளில் என்ன வேலை நடக்கிறது, எவையெல்லாம் மூடியிருக்கும், நேரடியாகப் பதிவு செய்தால் வாடகை என்ன என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலில் டிராவல்ஸ்காரரின் தள்ளுபடி எவ்வளவு உண்மை என்பது தெரிந்துவிடும்.

வரியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். விடுதியின் பலகையில் எழுதியிருக்கும் வாடகையை அல்ல, உங்களிடம் உண்மையில் வாங்கும் வாடகையை வைத்தே இது தீர்மானிக்கப்படுகிறது. சீசனில் 10,000 ரூபாய்க்குப் போகும் அறையை உங்களுக்கு 6,800 ரூபாய்க்குத் தந்தால் வரி 340 ரூபாய்தான். பலகை வாடகையைக் காட்டி 18 சதவீதம் போட்டால் அது 1,224 ரூபாய் ஆகும். ஓர் இரவுக்கு 884 ரூபாய் வீதம் ஐந்து இரவுகளில் 4,420 ரூபாய் வீணாகப் போகும். விலைப்பட்டியலில் ‘வரி தனி’ என்று மட்டும் இருப்பதால் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள்.

விமானத்தைப் பொறுத்தவரை, திருவனந்தபுரத்திலிருந்து சென்னை வழியாகப் போவதானால் இரண்டு பயணங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டாக இருந்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனம் உங்களை வராதவராகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். பயணத்தின் கடைசி இரவைக் கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் வையுங்கள். காலையில் சுவராஜ் துவீப்பில் ஃபெர்ரி ஏறி மதியம் விமானம் பிடிக்கும் திட்டத்தை ஜூலையில் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் ஏற்காதீர்கள். லட்சத்தீவு நமக்கு அருகில்தானே என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். அங்கே நுழைவு அனுமதி தேவை, மழைக்காலத்தில் பயணிகளுக்கான கப்பல் ஏற்பாடுகளும் மிகவும் சுருங்கிவிடும்.

எந்த மாநிலம் என்ற கேள்விக்கு எளிய விடை இருக்கிறது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எங்கே இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். நீங்கள் நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உங்கள் நண்பர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிட்டுப் பாருங்கள். ரசீதில் இருவர் பெயரும் இருக்கட்டும். பணத்தை யாருடைய தனிப்பட்ட கைப்பேசி எண்ணுக்கும் அனுப்பாமல், ஜி.எஸ்.டி. எண் உள்ள நிறுவனக் கணக்குக்கோ கடன் அட்டை வழியாகவோ செலுத்துங்கள்.

கேள்வி: நானும் பாறசாலைக்காரன்தான். என் தோழருடன் அந்தமான் போக நாகர்கோவிலில் ஓர் ஏஜென்ட் மூலம் விமான டிக்கெட் எடுத்தேன். அவருக்கு உடல்நலம் குன்றியதால் ரத்து செய்தோம். சலுகை டிக்கெட் என்பதால் ஒரு ரூபாயும் திரும்ப வராது என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல. அடிப்படைக் கட்டணம் திரும்பாத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், அதில் சேர்ந்திருக்கும் அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் போன்றவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பயணமே செய்யாமல் விட்டாலும் இது பொருந்தும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே உண்டு. டிக்கெட்டின் கட்டண விவரத்தில் அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே உள்ள அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கூட்டி, அந்தத் தொகையைக் குறிப்பிட்டு விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்; ஏஜென்டுக்கும் ஒரு நகல் போகட்டும். விமான நிறுவனமே ரத்து செய்திருந்தால், காரணம் மழையே ஆனாலும், முழுத் தொகையையோ மாற்று விமானத்தையோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மழைக்காக இழப்பீடு மட்டும் கேட்க முடியாது. ஏஜென்ட் தமக்கென வாங்கிய சேவைக் கட்டணம் திரும்ப வருமா என்பது, டிக்கெட் எடுத்த அன்று அவர் தந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த ரசீதின் நகலை அனுப்பினால் படித்துப் பார்த்து எழுதுகிறேன்.