பாடகி வரவில்லை, பாக்கிக்கு மட்டும் ஆள் வருகிறது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீடு குழித்துறைக்குப் பக்கத்தில் உள்ளது. கடந்த ஆவணியில் என் மகளின் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாறசாலைக்காரர்கள் என்பதால், மாலை வரவேற்பை அங்குள்ள ஓர் ஆடிட்டோரியத்தின் முற்றத்துப் பந்தலில் வைத்துக்கொண்டோம். கானமேளா எனும் மேடைப் பாட்டுக் கச்சேரிக்காக நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஏஜென்ட் ஒருவரிடம் ரூ.60,000 பேசி முடித்து, ரூ.20,000 முன்பணத்தை ஜிபே வழியாக அவருடைய கணக்குக்கே அனுப்பினேன். தொலைக்காட்சிப் போட்டியில் பாடிப் பெயர் வாங்கிய ஒரு பாடகி வருவார், அவருக்கு மட்டும் ரூ.15,000, எட்டுப் பேர் கொண்ட ட்ரூப், மாலை 6.30 முதல் 9.30 வரை, தமிழும் மலையாளமும் பாதிப் பாதி என்று ஏஜென்ட்டே வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்.

அன்று வண்டி வந்து, மேடையேறிப் பாடத் தொடங்கியபோது மணி 8.10. வந்தவர்கள் ஐந்து பேர். அந்தப் பாடகி இல்லை. அவருக்குப் பதிலாக வந்த பெண், தமிழ்ப் பாட்டுகளைக் கைப்பேசியில் எழுதிவைத்ததைப் பார்த்துத்தான் பாடினார். பாதிப் பாட்டுகளுக்கு இசை இன்னொரு கைப்பேசியிலிருந்து கரோக்கியாக ஓடியது. நடுவில் அந்தக் கைப்பேசிக்கு யாரோ அழைக்க, அதன் ரிங்டோன் பந்தல் முழுக்க முழங்கியது. சம்பந்தி வீட்டார் முன்னால் தலை நிமிர முடியவில்லை. பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்று ஆடிட்டோரிய மேலாளர் 9.50-க்கு நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் 7.15-க்கே, "நேரம் போகிறது, பணத்தில் பிடிப்பேன்" என்று ஏஜென்ட்டுக்கு எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

பாக்கி ரூ.40,000-ஐ நான் கொடுக்கவில்லை. இப்போது தினமும் குரல் செய்தி வருகிறது. ஆட்களோடு வந்து வீட்டு வாசலில் உட்காருவோம் என்கிறார். மோசடி வழக்குப் போடு என்கிறார்கள் உறவினர்கள். வீடியோவை ஃபேஸ்புக்கில் போட வேண்டும் என்கிறான் மகன். அவர் கேரளாக்காரர் என்பதால் திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டும் என்றும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: பாக்கியை நீங்கள் பிடித்து வைத்ததில் தவறில்லை. ஆனால் அந்த ரூ.40,000 முழுவதும் உங்களுக்கே என்று எண்ணிவிட வேண்டாம். அதில் ஒரு சிறு பங்கு அவர்களுக்குப் போய்ச்சேர வேண்டியதுதான். அது எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் மனவருத்தத்தில் எது வழக்காகும், எது ஆகாது என்பதைப் பிரித்துக்கொள்வோம்.

பாட்டு ரசிக்கும்படி இல்லை, குரல் பிசிறடித்தது, தமிழ் உச்சரிப்பு கேட்கச் சகிக்கவில்லை என்பவை எல்லாம் வருத்தம்தான். ஒப்பந்த மீறல் அல்ல. நன்றாகப் பாடுவேன் என்ற வாக்கை எந்த நீதிமன்றமும் அளந்து பார்க்காது. பேசிய ஆள் வரவில்லை, பேசிய எண்ணிக்கை இல்லை, பேசிய நேரம் இல்லை என்ற மூன்றையும் அளக்கலாம். ஆகவே யாருக்கு எழுதினாலும் இந்த மூன்றோடு நின்றுகொள்ளுங்கள். ரிங்டோன் கதையை, கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது என்றாலும், கடைசியில் ஒரு வரியாக வையுங்கள். நேரடி இசை என்று பேசியிருந்தால்தான் கரோக்கியைக் குறையாகச் சொல்ல முடியும். எட்டுப் பேர் கொண்ட ட்ரூப் என்று அவர் எழுதியிருப்பது அந்தப் பொருளைத்தான் தருகிறது என்று வாதிடலாம்.

பாடகி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, இன்னார்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு பேசிய வேலையை அந்த இன்னார்தான் செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. ஓவியர் ஒருவர் படம் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டால் அவரே வரைய வேண்டும் என்பது அந்தப் பிரிவிலேயே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு. பெயர் சொல்லி, தனியாக விலையும் சொல்லிப் பேசிய பாடகிக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியதற்கு நீங்கள் சம்மதம் தரவில்லை. அந்த ரூ.15,000 முழுமையாகக் கழிய வேண்டிய தொகை.

நேரத்தைப் பொறுத்தவரை, உங்கள் கடிதத்திலேயே விலைமதிப்புள்ள வரி 7.15-க்கு நீங்கள் அனுப்பிய அந்தச் செய்திதான். குறித்த நேரத்தில் செய்யாத வேலையைப் பிறகு ஏற்றுக்கொண்டவர், ஏற்கும்போதே "இதற்கு ஈடு கேட்பேன்" என்று தெரிவித்திருந்தால் மட்டுமே தாமதத்துக்கான இழப்பைக் கேட்க முடியும் என்று அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டு விசேஷத்தில் முகம் சுளிக்கக்கூடாது என்று நம்மவர்கள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, ட்ரூப்புக்குச் சாப்பாடும் போட்டு அனுப்பிவிட்டு, மறுவாரம் சண்டைக்கு நிற்பார்கள். அதற்குள் இந்த உரிமை பெரும்பாலும் கைநழுவிப் போயிருக்கும். வண்டி வந்த பிறகு இன்னொரு வரி எழுதியிருந்தால் இன்னும் திடமாக இருந்திருக்கும். இருந்தாலும் இதுவே போதுமானது என்பது என் கருத்து.

ஏஜென்ட் சொல்லப்போகும் பதில்களையும் முன்கூட்டியே ஊகிக்கலாம். வழியில் நெரிசல் என்பார். பாலராமபுரத்து நெரிசலைத் தெரியாமல் அந்தச் சாலையில் தொழில் செய்பவர் யாரும் இல்லை. பத்து மணித் தடையால்தான் நின்றது, அது எங்கள் பிழையல்ல என்பார். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் உள்ளது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு, முற்றத்துப் பந்தலுக்கு இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விதிதான். மேடை நிகழ்ச்சியையே தொழிலாகக் கொண்டவர் அதை அறிந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். நான் இடையில் நின்றவன்தான், ட்ரூப்பிடம் கேளுங்கள் என்றும் சொல்லக்கூடும். விலை பேசியவரும், வாக்குக் கொடுத்தவரும், தன் கணக்கில் பணம் வாங்கியவரும் அவரே என்பதால் அந்தப் பேச்சு எடுபடாது.

இனி கணக்குக்கு வருவோம். ரூ.60,000-இல் பாடகியின் ரூ.15,000 போக ரூ.45,000. பேசியது 180 நிமிடம், நடந்தது 8.10 முதல் 9.50 வரை 100 நிமிடம். அந்த விகிதத்தில் வருவது ரூ.25,000. எட்டில் ஐந்து பேர்தான் வந்தார்கள் என்று அதையும் குறைத்தால் ரூ.15,000-க்குச் சற்று மேலே நிற்கும். ஆனால் வண்டி வாடகையும் ஸ்பீக்கர் செட்டும் ஆள் குறைந்ததற்காகக் குறைவதில்லை என்பதால் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பது நியாயமாகாது. நீங்கள் ஏற்கெனவே ரூ.20,000 கொடுத்துவிட்டீர்கள். இன்னும் ரூ.5,000 தருகிறேன், அதோடு கணக்கு முடிந்தது என்று எழுதுவதே என் யோசனை. ரூ.20,000-த்தோடு நிறுத்திக்கொண்டாலும் உங்களைக் குறை சொல்ல இடமில்லை; ஆனால் கீபோர்டு வாசித்தவரும் தபலாக்காரரும் இரவுக் கூலிக்கு வந்தவர்கள், பார்ட்டி பணம் தரவில்லை என்று சொல்லி ஏஜென்ட் அவர்களுக்குக் கைவிரித்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஆவணியில் ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களை ஒப்புக்கொண்டு, ட்ரூப்பை உடைத்து அனுப்புகிற ஏஜென்ட்டுகள் செய்யும் குளறுபடிக்கு மேடையில் நிற்கும் அந்தப் பிள்ளைகள்தான் வசவு வாங்குகிறார்கள்.

இந்தக் கணக்கைத் தேதி, நேரம், தொகையோடு ஒரு பக்கக் கடிதமாக எழுதி, சேர்ப்பித்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அத்துடன், திருமண வீடியோ எடுத்தவரிடம் இன்றைக்கே பேசி, வெட்டி ஒட்டாத மூலப் பதிவைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை பேர் மேடையில் நின்றார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆல்பம் கைமாறியதும் மூலப் பதிவை அழித்து இடத்தைக் காலி செய்வது அந்தத் தொழிலில் வழக்கம். பழைய வாட்ஸ்அப் உரையாடலையும் குரல் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவுகளை நுகர்வோர் ஆணையத்தில் ஆவணமாகத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும்.

ஏஜென்ட் ஒத்துவராமல் உங்கள்மீது வழக்குத் தொடுத்தால், மேலே சொன்ன கணக்கே உங்கள் எதிர்வாதம். நீங்களாக ஈடு கேட்க விரும்பினால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் கொடுத்துப் பெறும் கேளிக்கையும் சேவை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டும் என்பது பழைய சட்டக் காலத்துப் பேச்சு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். உங்களுக்கு நாகர்கோவில் போதும். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு ஆண்டுகள் அவகாசமும் உண்டு. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்து பார்க்கலாம். மனவேதனைக்கும் ஆணையம் ஈடு வழங்கலாம். ஆனால் இலட்சக்கணக்கில் எதிர்பார்த்துப் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ரூ.5,000-த்தில் முடியக்கூடியதை முடித்துக்கொள்வதே உங்களுக்கு நிம்மதி.

மோசடி வழக்கு வேண்டாம். முன்பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது குற்றவழக்கு. அந்தப் பாடகி அன்று வேறு ஊரில் பாடுவது ஏஜென்ட்டுக்கு முன்னமே தெரியும் என்பதற்கு உங்களிடம் சான்று இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். வாசலில் வந்து உட்காருவோம் என்ற மிரட்டல் வேறு சங்கதி. அந்தக் குரல் செய்தியோடு உங்கள் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகனிடம் ஃபேஸ்புக் யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். ஊர் சிரிக்கப்போவது ஏஜென்ட்டைப் பார்த்தல்ல, கைப்பேசியைப் பார்த்துப் பாடிய அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான். கூடவே அவதூறு என்று எதிர்ப்புகார் கொடுக்கவும் அவர்களுக்கு வழி திறந்துவிடும். சம்பந்தி வீட்டாரிடம் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏமாற்றப்பட்டவர் நீங்கள் என்பதை அவர்களும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே.

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். அடுத்த மாதம் பொள்ளாச்சி மண்டபத்தில் மகனின் வரவேற்பு. திருச்சூர்ப் பக்கத்துச் செண்டை மேளக் குழுவும் ஒரு டிஜேயும் பேசியிருக்கிறோம். டிஜே தரப்பில் "பாட்டு ராயல்டி" என்று தனியாக ரூ.4,000 கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா? மேளக் குழுவுடன் என்ன எழுதிக்கொள்வது?
– ஒரு வாசகி

பதில்: ராயல்டி கொடுக்க வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், திருமண ஊர்வலத்திலும் திருமணத்தையொட்டிய சமூகக் கொண்டாட்டங்களிலும் பாட்டு இசைப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையும் 2023-இல் இதை அறிவிப்பாகவே வெளியிட்டது.

மேளக் குழுவின் தாள் மலையாளத்தில் மட்டும் இருந்தால், அதன் கீழேயே தமிழிலும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வந்து சேரும் நேரம் ஒன்று, கொட்டத் தொடங்கும் நேரம் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தாமதத்துக்கு இவ்வளவு பிடிப்போம் என்று எழுதலாம், ஆனால் மிரட்டலுக்காகப் பெருந்தொகை போட்டுப் பயனில்லை. எழுதிய தொகைக்கு உட்பட்டு நியாயமான ஈட்டை மட்டுமே நீதிமன்றம் தரும். முக்கியமாக, இருபது பேர் என்று மொத்தமாக எழுதாதீர்கள். சாமான் இறக்குபவரும் வண்டி ஓட்டுபவரும் அந்த இருபதுக்குள் வந்துவிடுவார்கள். உருட்டுச் செண்டை எத்தனை, வீக்கன் செண்டை எத்தனை, இலத்தாளம் எத்தனை, கொம்பும் குழலும் உண்டா இல்லையா என்று வாத்தியவாரியாக எழுதி வாங்கிக்கொண்டு, வண்டியிலிருந்து இறங்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.