புண்ணாக்குத் தீவனத்தில் லைசின், மெத்தியோனின்: குளக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கேள்வி: அண்ணா, கடலைப் புண்ணாக்கும் தவிடும் பாதிக்குப் பாதி கலந்து சாதாக்கெண்டைக்குப் போடுகிறேன். புரதம் போதும் என்கிறார்கள், அப்புறம் எதற்கு லைசின் தனியாக?

பதில்: புரதம் 27 சதவீதம் அளவுக்கு வரும், போதும்தான். ஆனால் மீன் அதை அமினோ அமிலங்களாக உடைத்துத்தான் சதை கட்டுகிறது, அதில் லைசின், மெத்தியோனின் உட்பட 10 அமிலங்கள் தீவனத்திலிருந்தே வந்தாக வேண்டும். உளுந்து குறைந்த இட்லி மாவில் அரிசியை அள்ளிக் கொட்டி என்ன பயன்? கடலைப் புண்ணாக்கில் குறைகிற உளுந்து லைசின். அது தீர்ந்ததும் மிச்சப் புரதம் எரிந்து, அம்மோனியாவாகச் செவுள் வழியே உங்கள் குளத்துக்கே திரும்பி வரும், காசு கொடுத்து வாங்கிய புரதம்! சாதாக்கெண்டைக்குப் புரதத்தில் 5.7 சதவீதம் லைசின் வேண்டும், அதாவது கிலோ தீவனத்துக்கு சுமார் 15 கிராம். உங்கள் கலவையில் தோராயமாக 10 கிராம்தான் இருக்கும். கடையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் 78 சதவீதம்தான் லைசின் என்பதால் 5 கிராம் குறைக்கு 6.5 கிராம் பொடி போட வேண்டும். ஆனால் ஒன்று, குளத்தில் மீன் குறைவாக விட்டு, சாணம் போட்டுத் தண்ணீர் பச்சையாக இருந்தால், மிதவை உயிரிகளே இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டும், பொடிக்குச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: சோயாவுக்கு மாறினால்?

பதில்: லைசின் கவலை குறையும், மெத்தியோனின் குறை வந்து நிற்கும். சோயாவில் முதலில் தட்டுப்பாடாவது அதுதான்.

கேள்வி: சார், கடையில் டி.எல். மெத்தியோனின் தருகிறார்கள். பாதி டி வகையாம், வீண்தானே?

பதில்: வீண் இல்லை. டி, எல் என்பவை ஒரே அமிலத்தின் இடக்கை வலக்கை போன்ற இரண்டு வடிவங்கள், உடம்பு சதை கட்டப் பயன்படுத்துவது எல் வகை. டி வகையை மீன் தன் உடம்புக்குள்ளேயே எல் வகையாக மாற்றிக்கொள்ளும். தைரியமாக வாங்குங்கள்.

கேள்வி: பொடியைத் தவிட்டில் புரட்டி அப்படியே தூவலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, பாதி தண்ணீருக்குத்தான் போகும். மாவோடு நன்றாகக் கலந்து குருணையாக்குங்கள். கொறித்துக் கொறித்துத் தின்கிற இறாலுக்கு இந்தக் கரைசல் இழப்பு இன்னும் மோசம். கெண்டையில் வேறு சிக்கல், அதற்கு வயிறு கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகும், பொடி அமிலம் சீக்கிரம் இரத்தத்தில் ஏறிவிடும், புண்ணாக்குப் புரதம் செரித்து வருவதற்குள் அது செலவாகிப் போயிருக்கும். அதனால் ஒரே வேளையில் கொட்டாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். நிறைய பேர் பொடியைக் குறை சொல்கிறார்கள், என்னைக் கேட்டால் பாதித் தப்பு தீவனம் போடும் முறையில்.

கேள்வி: கொடுவாய்க்கு மீன்மாவை மொத்தமாக நிறுத்திவிட்டு இந்த இரண்டையும் போட்டால் போதுமா?

பதில்: போதாது. அது ஊன் தின்னி. நிலத்துப் பயிர்களில் அநேகமாக இல்லாத டாரின் என்ற சத்து, கடல் மீனெண்ணெயில் வரும் கொழுப்பு, அப்புறம் தின்னத் தூண்டும் மணம் என்று மீன்மாவோடு சேர்ந்து பலதும் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தீவனத்தைக் கக்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.