எலுமிச்சை மஞ்சள் கடைக்குப் பொருந்துமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தொடங்கவிருக்கும் எங்கள் பட்டுப்புடவைக் கடையின் பெயர்ப் பலகைக்கும் உட்சுவர்களுக்கும் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் பூசி, பலகையில் வெள்ளை எழுத்து எழுத வேண்டும் என்கிறான் என் மகன். ‘நொடித்துப் போனவர் கொடுப்பது மஞ்சள் நோட்டீஸ், கடைக்கு அந்த நிறம் ஆகாது’ என்கிறார் என் கொழுந்தனார். தங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகி, சேலம்

பதில்: கொழுந்தனாரின் அச்சத்தை விட்டுவிடுங்கள். கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் மஞ்சள் தடவிக் கொடுக்கிற, லீ பஜாரில் மஞ்சள் மூட்டைகள் ஏலம் போகிற ஊரில் இந்த நிறம் மங்கலமாகவே கண்ணில் படும். எனக்குக் கவலை அந்த வெள்ளை எழுத்தைப் பற்றித்தான்.

பகல் வெளிச்சத்தில் நம் கண் மிக எளிதாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய, மஞ்சள் கலந்த பச்சை ஒளியை. எலுமிச்சை மஞ்சள் அதற்கு அருகில் இருப்பதால் ஏறத்தாழ வெள்ளைக்கு நிகராகப் பிரகாசிக்கிறது. ஆகவே அதன்மேல் எழுதிய வெள்ளை எழுத்து கரைந்துவிடும். கணினித் திரையில் தூய மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் (1 என்றால் வேறுபாடே இல்லை) 1.07தான், கறுப்போடு அது 19.56. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 தேவை என்கின்றன இணையதள வடிவமைப்பு நெறிமுறைகள். சேலம் ஜங்ஷன் நடைமேடையின் கோடியில் நிற்கும் ஊர்ப்பெயர்ப் பலகையைப் பாருங்கள்: மஞ்சளில் கறுப்பு எழுத்து, நகரும் ரயிலின் ஜன்னலிலிருந்தே படித்துவிடலாம். வாடகைக் கார்களின் நம்பர் பிளேட்டும் அப்படியே. புடவைக் கடைக்குக் கறுப்பு கடுமையாகத் தோன்றினால் அரக்கோ கருநீலமோ எழுதச் சொல்லுங்கள்.

உட்சுவர்களுக்கு இந்த மஞ்சள் வேண்டவே வேண்டாம். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் மஞ்சளாகிவிடுவதால், சேலத்துக்குப் பெயர் வாங்கித் தந்த வெண்பட்டு பழுப்பேறியது போலவும், நீலப் புடவை பசுமை தட்டியது போலவும் தெரியும். வாங்கியவர் வாசல் வெயிலில் பிரித்துப் பார்த்து, ‘உள்ளே பார்த்த நிறம் இதுவல்லவே’ என்று திரும்பி வருவார். சுவர்கள் வெள்ளையாக இருக்கட்டும். பில் போடும் மேசைக்குப் பின்னுள்ள சிறு சுவரிலும் துணிப்பையிலும் மஞ்சளை வைத்துக்கொள்ளலாம்.

பளிச்சென்ற மஞ்சள் பெயிண்டுக்கு அடிநிறத்தை மறைக்கும் திறன் பொதுவாகக் குறைவு. முதலில் வெள்ளை பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பழைய மஞ்சள் பெயிண்டுகளில் காரீயக் குரோமேட் என்ற நச்சு நிறமி இருந்ததால், டப்பாவில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இல்லை என்ற குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்.